ஒரு பையன் அதிகம்

ஒரு பையன் அதிகமாக இருந்தான்.

குறைந்திருந்தால் என்ன செய்வது என்று தமிழ் வாத்தியாருக்குத் தெரியும். தேட வேண்டும், கிடைக்காவிட்டால் அழ வேண்டும், பிறகு வேலையை விட்டுவிட வேண்டும். அதிகமாக இருந்தால் என்ன செய்வது என்று காலையில் யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அருங்காட்சியகத்தின் வெளித் தாழ்வாரத்தில் பையன்கள் சுவரோரமாக நின்றார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மின்சாரம் போய், கட்டடம் முழுவதும் இருட்டாகக் கிடந்தது. வாத்தியார் மறுபடி முதல் பையனிடம் போய், ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

மறுபடியும் ஒன்று அதிகம்.

"எண்ணும்போது யாரும் அசையாதீங்கப்பா," என்றார்.

"நாங்க அசையல சார். உங்க கைதான் நடுங்குது," என்றான் முன்னால் நின்ற சுருட்டைமுடிக்காரன்.

கை நடுங்கியது உண்மைதான். அந்தக் கை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே நடுங்கிக்கொண்டிருந்தது. சேர்ந்தது இந்த வாரம்தான். நகரத்தின் நடுவில், மருந்துக் கடைக்கும் வங்கிக்கும் இடையே நெருக்கிக்கொண்டு மாடி மாடியாக எழும்பிய தனியார் பள்ளி. பையன்கள் மட்டும் படிப்பது. காலையில் நகரத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து குவிவார்கள். மாலையில் மூட்டை அவிழ்ந்த நெல்லிக்காயாகச் சிதறிப் போவார்கள். விளையாட்டுத் திடல் மொட்டை மாடியில், கம்பிவலைக்குள் இருந்தது.

அதற்கு முன்னால் வாத்தியார் வெகுகாலம் வேலையில்லாமல் இருந்தார். மனைவியின் அண்ணன் வீட்டுப் பின்னறையில் குடித்தனம். மைத்துனர் நல்லவர். ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. தினமும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாப்பிள்ளை, இன்னைக்கு எங்கே?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் வாத்தியாருக்குத் தலை நரைத்தது.

இப்போது ஒரு பதில் கிடைத்திருந்தது. ஆனால் அது தற்காலிகப் பதில். தலைமையாசிரியர் நேற்று அறைக்குக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"பசங்களை மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போறது பெரிசில்ல வாத்தியாரே. கூட்டிட்டுப் போன எண்ணிக்கை அப்படியே திரும்பி வரணும். வந்தா உங்க வேலையை நிரந்தரம் பண்றதைப் பத்திப் பேசுவோம். எண்ணிக்கையில தப்பு வந்தா, நாம பேச வேண்டிய அவசியமே இருக்காது."

எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்வதில் சிரமம் இல்லை. வாடகை பஸ்ஸில் எத்தனை இருக்கையோ அத்தனை பையன்கள். சீட்டைக் காலியாக விட்டு வாடகை கொடுக்கிற பள்ளிக்கூடம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

பள்ளியிலிருந்து வகுப்புக்கு ஒரு பஸ்ஸாக இரண்டு வகுப்புகள் வந்திருந்தன. ஒரு வகுப்பை டிரில் மாஸ்டர் மேல்மாடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். போகும்போது கழுத்தில் தொங்கிய விசிலைத் தட்டிக் காட்டி, "நம்ம பசங்க வாய்ப்பேச்சுக்கு மசியமாட்டாங்க வாத்தியாரே. உங்ககிட்ட இது இல்லையே, பாவம்," என்று அனுதாபப்பட்டுவிட்டுப் போனார்.

தமிழ் வாத்தியாரின் வகுப்பு கீழே, திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்கும் கூடத்தில் நின்றது. அங்கே வேறு பள்ளிப் பையன்களும் இருந்தார்கள். திமிங்கலத்தின் விலா எலும்புகளுக்குக் கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மின்சாரம் போனது. ஒரே கூச்சல். யார் காலையோ யாரோ மிதித்தார்கள். யாரோ திமிங்கலம் கத்துவது போலக் கத்தினார்கள். தூரத்தில் எங்கோ விசில் சத்தம் கேட்டது; இருட்டில் பல கால்கள் அந்தப் பக்கம் ஓடின.

வாத்தியார் தடவித் தடவி வாசலைக் கண்டுபிடித்து, தன் வாழ்நாளிலேயே இல்லாத குரலில் கத்தினார்: "நம்ம பசங்க எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க!"

வந்தார்கள்! விசில் இல்லாமலே வந்தார்கள். இருட்டில் தடதடவென்று அவரைத் தாண்டித் தாழ்வாரத்துக்கு ஓடிய ஒவ்வொரு பையனும் அவருக்குத் தெய்வமாகத் தெரிந்தான். டிரில் மாஸ்டர் இதைப் பார்க்கவில்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை எண்ணிப் பார்க்கும்வரைதான்.

"சார், எவ்வளவு நேரம் இப்படியே நிக்கறது?" என்றான் சுருட்டை.

"எண்ணி முடிக்கிறவரைக்கும்."

"மூணு தடவை எண்ணிட்டீங்களே சார்."

"தப்பா எண்ணினா முப்பது தடவை எண்ணணும். எல்லாரும் ஜோடி ஜோடியா நில்லுங்க."

காலையில் ஜோடி ஜோடியாகத்தான் பஸ்ஸில் ஏற்றினார். அப்போது ஒருவனும் தனியாக மிஞ்சவில்லை. எனவே இப்போது மிஞ்சுகிறவன்தான் வெளி ஆள். தன் புத்தியை நினைத்து அவருக்கே கொஞ்சம் தெம்பு வந்தது.

பையன்கள் கைகோத்து நின்றார்கள். குண்டுப் பையன் ஒருவன் தனியாக நின்றான்.

"நீதானா அது!" என்று வாத்தியார் பாய்ந்தார்.

"ஐயோ சார், நான் இல்ல சார்! இவன்தான் கையை விட்டுட்டு அவன்கூடப் போயிட்டான்!" என்று குண்டுப் பையன் பக்கத்து ஜோடியில் ஒருவனைப் பிடித்து இழுத்தான். இழுபட்டவன் வந்தான். இப்போது இன்னொருவன் தனியாக நின்றான். அவன் வேறொருவனை இழுத்தான். தனிமை ஒரு நோய் போலத் தாழ்வாரம் முழுக்கத் தொற்றிக்கொண்டு போய், கடைசியில் மறுபடி குண்டுப் பையனிடமே வந்து நின்றது.

"விளையாடாதீங்கடா," என்றார் வாத்தியார். 

முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் சங்கடம். இந்த வகுப்புக்கு அவர் எடுத்தது ஒரே ஒரு பாடம். அதையும் பயத்தில் பின்சுவரைப் பார்த்தபடியே நடத்தி முடித்துவிட்டார். அந்தச் சுவரில் எந்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது என்று கேட்டால் சொல்வார். ஒரு முகம் தெரியாது. உடுப்போ, வெள்ளைச் சட்டை, நீலக் கால்சட்டை. நகரத்தில் பாதிப் பள்ளிகளுக்கு அதே உடுப்பு.

"சரி, நேராவே கேக்கறேன்," என்றார். "நம்ம ஸ்கூல் இல்லாதவன் ஒருத்தன் இங்க இருக்கான். அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

கேட்டிருக்கக் கூடாது. குண்டுப் பையன் பல் நீண்ட ஒருவனைக் காட்டி, "இவனை எனக்குத் தெரியவே தெரியாது சார்," என்றான்.

"டேய், நேத்து என் பேனாவை வாங்கிட்டுக் குடுக்காம இருக்கியே, அப்ப தெரிஞ்சுதா?" என்றான் பல்லன்.

"பார்த்தீங்களா சார், என்னைத் திருடன்கறான். வெளி ஆள்தான் இப்படிப் பேசுவான்."

"சார், எனக்கு என் அண்ணனையே தெரியல சார், இருட்டுல மாறிட்டான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். பேனாவுக்காக ஒரு சின்னச் சண்டை மூண்டது. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து மழைக்குள் போய் விழுந்தது. அதைத் தேடி இரண்டு பேர் மழையில் இறங்கினார்கள். அவர்களைக் கூப்பிட நான்கு பேர் இறங்கினார்கள். எல்லோரையும் மேலே ஏற்றி, மறுபடி எண்ணி முடிப்பதற்குள் வாத்தியாரும் தொப்பலாக நனைந்துவிட்டார்.

ஒன்று அதிகம்.

உள்ளே இருட்டுக்குள்ளிருந்து 'தொம் தொம்' என்று இரும்பைத் தட்டும் ஓசை வந்தது. யாரோ உரத்த குரலில் அலறுவதும் மங்கலாகக் கேட்டது. காவலர் ஒருவர் கைவிளக்கோடு ஓடினார்.

"என்னங்க அது?" என்று வாத்தியார் திடுக்கிட்டுக் கேட்டார்.

"லிஃப்ட்டுல ஒருத்தர் மாட்டிக்கிட்டார் சார். கரண்டு வந்தாத்தான் வெளிய வரமுடியும். 'என் பசங்க, என் பசங்க'ன்னு கத்திக்கிட்டே இருக்கார். பிள்ளைகுட்டிக்காரர் போல, பாவம்."

வாத்தியாருக்கு அந்த முகம் தெரியாத தகப்பனுக்காக மனம் இளகியது. சுருட்டை மட்டும் அக்கறையாகக் கேட்டான்: "அண்ணே, கரண்டு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"யாருக்குத் தெரியும்? ராத்திரிகூட ஆகலாம்."

பையன்களிடையே ஒரு சலசலப்பு ஓடியது. சுருட்டை வாத்தியாரின் பக்கம் திரும்பினான். இதுவரை இல்லாத பணிவு அவன் முகத்தில் இருந்தது.

"சார், அப்ப நீங்கதான் எங்களைக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"பின்ன யாரு? உங்களைக் கூட்டிட்டுப் போகத்தானே நான் உசிரை விட்டுக்கிட்டு நிக்கறேன்?"

"அப்ப சீக்கிரம் போகலாம் சார். நாங்களே அந்த வெளி ஆளைப் பிடிச்சுத் தர்றோம்."

திடீரென்று எல்லாம் ஒழுங்காயிற்று. பையன்கள் வரிசையில் நின்றார்கள். பேனா உரியவனிடம் போய்ச் சேர்ந்தது. வாத்தியாருக்கு இந்த மாற்றம் ஏன் என்று புரியவில்லை. தன் கண்டிப்புக்குப் பலன் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

"சார், ஹெட்மாஸ்டருக்கு என்ன பட்டப்பேருன்னு ஒவ்வொருத்தனையா கேளுங்க. தெரியாதவன் மாட்டிப்பான்," என்றான் பல்லன்.

நல்ல யோசனைதான். ஆனாலும் வாத்தியார் தயங்கினார். தலைமையாசிரியருக்குப் பட்டப்பெயர் சொல்லச் சொன்னது யார் காதிலாவது விழுந்தால் அதற்கே வேலை போய்விடும். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்: "என் காதுல மட்டும் சொல்லுங்க."

வரிசையாக வந்து காதில் சொன்னார்கள்.

"இஸ்திரிப்பெட்டி."

"இஸ்திரிப்பெட்டி சார்."

"இஸ்திரிப்பெட்டி. அவர் வீட்டுக்காரம்மா இஸ்திரிக்கரி."

"அது வேண்டாம். அடுத்தவன் வா."

வரிசை முடியும் இடத்தில் ஓர் ஒல்லிப் பையன் நின்றான். சுவரோடு ஒட்டிக்கொண்டு, இவ்வளவு கூத்திலும் வாயே திறக்காமல் நின்றவன். வாத்தியார் குனிந்து காதைக் கொடுத்தார்.

"கொக்கு," என்றான் அவன்.

"என்னது?"

"கொக்கு சார்."

தலைமையாசிரியருடைய உயரத்தை நினைத்துப் பார்த்தால் அந்தப் பெயரில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் வாத்தியாருக்குப் பட்டது. ஆனால் பட்டப்பெயருக்கெல்லாம் பொருத்தம் பார்க்க முடியுமா? ஊரே ஒன்று சொல்லும்போது ஒருவன் மட்டும் வேறு சொன்னால் யார் பக்கம் நிற்பது?

"மாட்டிக்கிட்டான்!" என்று தாழ்வாரமே கத்தியது. "இவன் எங்க ஸ்கூல் இல்ல சார்! இவனை நாங்க பார்த்ததே இல்ல சார்!"

சத்தியம் என்றால் அதுதான் சத்தியம் என்பது போல எல்லா முகங்களும் இருந்தன. வாத்தியார் ஒல்லிப் பையனைப் பார்த்தார்.

"தம்பி, பயப்படாம சொல்லு. இவங்கள்ல யாரையாவது உனக்குத் தெரியுமா?"

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். உதடு பிதுங்கியது. "யாரையும் தெரியாது சார்."

அவ்வளவுதான். வழக்கு முடிந்தது.

"பின்ன ஏம்ப்பா எங்ககூட வந்த?"

"இருட்டுல பயமா இருந்துச்சு. உங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன் சார்."

"பார்த்தியா, யார் சட்டைன்னு பார்க்காம பிடிச்சுட்ட. நீ எந்த ஸ்கூல்?"

"நம்ம ஸ்கூல்தான் சார்," என்று சொல்லிவிட்டு அவன் விம்மத் தொடங்கினான்.

வாத்தியார் எவ்வளவு கலங்கியிருந்தாலும் தமிழ் வாத்தியார்தான். "'நம்ம'ன்னா பேசறவனும் கேக்கறவனும் ரெண்டு பேரும் சேர்ந்ததுப்பா. நீ வேற ஸ்கூல், நான் வேற ஸ்கூல். அப்ப நீ 'எங்க ஸ்கூல்'னு சொல்லணும்," என்று அன்பாகத் திருத்தினார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான். என்கிட்டப் பேசும்போது என்ன 'எங்க ஸ்கூல், எங்க ஸ்கூல்'னு? நான் என்ன வெளி ஆளா? என்னையும் சேர்த்துச் சொல்லுங்கடா."

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுருட்டை கையை உயர்த்தினான்.

"நம்ம ஸ்கூல் சார்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

வாத்தியாருக்குக் கண் கரித்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அவரை எதிலும் சேர்த்துக்கொண்டதில்லை. ஆசிரியர் அறையில் உட்கார அவருக்கு நாற்காலிகூட இன்னும் ஒதுக்கவில்லை.

மற்றவர்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, ஒல்லிப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைவாயிலின் ஓரத்தில் இருந்த கூண்டு போன்ற அறைக்குப் போனார். 'பைகள், குடைகள் வைக்குமிடம்' என்று மேலே எழுதியிருந்தது. உள்ளே மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஓர் அம்மாள் பின்னிக்கொண்டிருந்தார். மேசையில் தொலைபேசி இருந்தது.

"அம்மா, ஒரு பையன்..."

"பையா? வைங்க," என்றார் அந்த அம்மாள், பின்னலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பை இல்லைம்மா, பையன்."

"பையன் உங்ககூடவே இருக்கட்டும். பையைக் குடுங்க."

"பையே இல்லைம்மா. பையனைத்தான் வைக்கணும்."

அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "உசிருள்ளதை நாங்க வாங்கறதில்ல சார். போன வாரம் ஒருத்தர் கிளிக்கூண்டைக் கொண்டு வந்தார். அதையே வாங்கல."

வாத்தியார் நடந்ததையெல்லாம் சொன்னார். அம்மாளுக்கு மனம் இரங்கவில்லை. ஆனால் சுவாரஸ்யம் பிடித்துவிட்டது. "முதல்ல உங்க ஸ்கூலுக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதில்ல," என்று தொலைபேசியை நகர்த்தி வைத்தார்.

தலைமையாசிரியரே எடுத்தார்.

"சார், நான் தமிழ் வாத்தியார் பேசறேன். இங்க மியூசியத்துல கரண்டு போயிடுச்சு..."

"எண்ணிக்கை?"

"அதான் சார் சொல்ல வந்தேன். எண்ணிக்கையில..."

"குறையுதா?" மறுமுனையில் நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் ஓசை கேட்டது.

"ஐயோ, குறையல சார்! குறையவே இல்ல. சொல்லப்போனா... கொஞ்சம் தாராளமாவே இருக்கு."

"தாராளமான்னா?"

"நல்லா இருக்கு சார். எல்லாம் நல்லா இருக்கு."

"எண்ணிக்கையில என்னய்யா நல்லா இருக்கு, சுமாரா இருக்கு? சரியா இருக்கா, இல்லையா?"

"சரியா இருக்கு சார்," என்றார் வாத்தியார். சொல்லி முடித்ததும் காது சுட்டது.

"அப்படின்னா உடனே கிளம்பி வாங்க. பள்ளிக்கூடம் விடற நேரமாச்சு. வாசல்ல நான் நின்னு நானே எண்ணப் போறேன்."

தொலைபேசியை வைத்தபோது வாத்தியாரின் முகம் மெழுகுவத்தியைவிட வெளுத்திருந்தது. அடுத்தவர் பையனைத் தூக்கிக்கொண்டு போய் தலைமையாசிரியர் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? பிள்ளை பிடிக்கிறவன் என்று போலீஸ் வரும். மைத்துனர் வருவார். காவல் நிலையக் கம்பிக்கு வெளியே நின்று, "மாப்பிள்ளை, இன்னைக்கு இங்கேயா?" என்று கேட்பார்.

"அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். கொஞ்ச நேரம் வச்சுக்கங்க. அவன் வாத்தியார் தேடிக்கிட்டு இப்ப வந்துடுவார்."

"வரலைன்னா?"

"ஒரு பையனைத் தொலைச்சுட்டு எந்த வாத்தியாரும்மா வராம இருப்பார்?"

"தொலைச்சதே அவருக்குத் தெரியலைன்னா?"

வாத்தியார் வேதனையோடு சிரித்தார். "அப்படியும் ஒரு வாத்தியார் உலகத்துல இருப்பாராம்மா?"

அந்தப் பதில் அம்மாளுக்குச் சரியென்று பட்டது. பின்னலைக் கீழே வைத்து, எழுந்து, பலகைக் கதவைத் திறந்தார். பழக்க தோஷத்தில் எண் போட்ட தகட்டு வில்லை ஒன்றைப் பையனின் சட்டைப் பொத்தானில் மாட்டினார். அதன் ஜோடியையும் அவன் கையிலேயே கொடுத்தார். "உங்க வாத்தியார் வந்தா அவர் கையில இதைக் குடு. அவர் என்கிட்ட குடுப்பார். நான் உன்னை அவர்கிட்ட குடுப்பேன். குழப்பம் வராது."

"சார், என்னை விட்டுட்டுப் போகாதீங்க சார்," என்றான் பையன். குடைகளுக்கு நடுவில் அவன் ஒரு சின்னக் குடை போலத் தெரிந்தான்.

வாத்தியார் அவன் முன்னால் குனிந்தார். காலையில் மனைவி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்த கைக்குட்டை அந்த மழையிலும் ஓரளவு காய்ந்தே இருந்தது. அதை எடுத்து அவன் மூக்கைத் துடைத்துவிட்டு, அவனிடமே கொடுத்தார்.

"நான் உன் நல்லதுக்குத்தானேப்பா சொல்றேன். என்கூட வந்தா நீ தொலைஞ்சு போயிடுவே. இங்கயே இருந்தாத்தான் உன் வாத்தியார் கண்ணுல படுவே."

திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பார்த்தால் மனசு மாறிவிடும் என்று அவருக்குப் பயம்.

தாழ்வாரத்தில் பையன்கள் ஓர் அங்குலம் அசையாமல் நின்றார்கள். எண்ணினார். சரியாக இருந்தது! இன்னொரு முறை எண்ணினார். அப்போதும் சரியாகவே இருந்தது. இனிமேல் எண்ணினால் கண் பட்டுவிடும் என்று நிறுத்திக்கொண்டார்.

மழைக்குள் ஒரே ஒரு பஸ்தான் நின்றது. டிரில் மாஸ்டர் தன் வகுப்போடு முன்னமே கிளம்பிவிட்டார் போலிருக்கிறது. பையன்கள் பஸ்ஸைப் பார்த்ததும் ஓடிப்போய் ஏறி, அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஓர் இருக்கைகூடக் காலி இல்லை. நிற்கிறவனும் ஒருவன் இல்லை. வாத்தியாருக்கு அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

ஓட்டுநர் இருக்கையில் புது ஆள் இருந்தார். "காலையில வேற ஒருத்தர்ல இருந்தார்?" என்றார் வாத்தியார் சந்தேகத்தோடு. அன்று அவருக்கு எந்த முகத்தைப் பார்த்தாலும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"மதியத்தோட அவர் இறங்கிட்டார் சார். சாயங்கால டிரிப்பு நான். பசங்க எல்லாரும் ஏறியாச்சா? கொண்டு போய் ஸ்கூல்ல விட்டுடலாமா?"

"எல்லாரும் ஏறியாச்சு. மெதுவாவே போங்க. அவசரத்துல எவனாவது ஜன்னல் வழியா விழுந்துடப் போறான்."

பஸ் கிளம்பியது. வாத்தியார் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல், பையன்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். ஜன்னல்களெல்லாம் மழையிலும் மூச்சுக்காற்றிலும் புகைபிடித்த மாதிரி மங்கிக் கிடந்தன. வெளியே எந்தத் தெருவும் தெரியவில்லை. அவருக்குத் தெரு தேவைப்படவும் இல்லை. முதன்முறையாகப் பையன்களின் முகத்தைப் பார்த்தார். சுருட்டை, பல்லன், குண்டுப் பையன். ஒவ்வொன்றும் தனி முகம். ஒன்றைப் போல ஒன்று இல்லை. இதைப் பார்க்கவா பயந்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"சார், ஒரு கதை சொல்லுங்க சார்," என்றான் குண்டுப் பையன்.

சொன்னார். எலும்புக்கூடாகத் தொங்குகிற திமிங்கலம் இரவில் தண்ணீர் கேட்டு அலறுவதாக அந்த நிமிஷத்தில் ஒரு கதையைக் கட்டிச் சொன்னார். அலறியும் காட்டினார். பையன்கள் இருக்கையில் ஏறி நின்று கைதட்டினார்கள். ஓட்டுநர்கூடச் சிரித்தார்.

"சார், நீங்க தினமும் எங்களுக்கு வருவீங்களா?" என்று பல்லன் கேட்டான்.

"நமக்குன்னு சொல்லுடா," என்று சுருட்டை அவன் தலையில் தட்டினான்.

"வருவேன்," என்றார் வாத்தியார். "ஹெட்மாஸ்டர் மனசு வச்சா எப்பவும் வருவேன்."

"இஸ்திரிப்பெட்டிகிட்ட நாங்க சொல்றோம் சார்!"

"உஷ்! வாசல்லயே நிப்பார்டா!" என்று வாத்தியார் பதறினார். பதறினாலும் சிரிப்பும் வந்தது. இன்று வீட்டுக்குப் போனதும் மைத்துனரின் கண்ணெதிரே செருப்பைக் கழற்றி வைக்க வேண்டும். நாளைக் காலையில் அவர் கேட்பதற்கு முன்பே, "ஸ்கூலுக்குக் கிளம்பறேன் மச்சான்," என்று சொல்ல வேண்டும். எந்தக் குரலில் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டார்.

பஸ் ஓர் இரும்புக் கதவின் முன்னால் நின்றது. வாத்தியாருக்குப் பழக்கமான வாசலாக இல்லை. மழைக்காகப் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் போலும் என்று நினைத்தார். தலைமையாசிரியரையும் காணோம். பெரிய குடையோடு ஒரு காவலாளி மட்டும் நின்றிருந்தார். தனக்குப் பதிலாக இவரை எண்ணச் சொல்லியிருப்பார். இந்தக் காவலாளியையும் வாத்தியார் இதற்கு முன் பார்த்ததில்லை. அவர்தான் யாரையும் பார்ப்பதே இல்லையே.

பையன்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். காவலாளி ஒவ்வொரு தலையிலும் கையை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்து எண்ணிக்கொண்டே உள்ளே அனுப்பினார். சுருட்டை இறங்கும்போது திரும்பிப் பார்த்து வாத்தியாருக்கு ஒரு சலாம் வைத்தான். கடைசிப் பையன் உள்ளே போகும்வரை வாத்தியார் மூச்சை அடக்கிக்கொண்டு படியிலேயே நின்றார்.

"சரியா இருக்கா?" என்று கேட்டார். 

"கச்சிதமா இருக்கு சார். ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு குறையவும் இல்ல."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காலையிலிருந்து அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். படியிலிருந்து இறங்கினார். மழை முகத்தில் அடித்தது. அது சுகமாக இருந்தது. கடைசிப் பையனுக்குப் பின்னால் கதவுக்குள் காலை எடுத்து வைத்தார்.

காவலாளி குடையை மடக்கிக் குறுக்கே நீட்டினார்.

"நம்ம பசங்க எல்லாரும் வந்தாச்சு. நீங்க யாரு சார்?"